சாருக்கு என்ன ஷிப்ட்?

எங்கள் கிளப்பின் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். வந்தது, எனக்குப் பிறகு பெண்கள் ஜிம்முக்குப் பொறுப்பேற்ற பெண். கையில் ஆப்பிள் வேறு. ஓய்வுபெற்ற அன்றைக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பியதோடு சரி, அதற்கப்புறம் எட்டிப் பார்க்காதவர்கள் திடீரென்று ஆப்பிளோடு வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? காபி கலந்துகொண்டே மெல்ல விசாரித்தேன். விஷயம் வெளியே வந்தது. ஜிம்முக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் இனிமேல் மணிக்கட்டில் ஒரு வாட்ச் கட்டப்போகிறார்களாம். நாடி, நடை, கரைந்த கொழுப்பு எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுமாம்.

"அக்கா, நீங்கள்லாம் கேள்வி கேட்டுக் கேட்டே கண்டுபிடிப்பீங்களாமே! அத எழுதுங்க. காமெடியா இருக்கும்" என்றாள்.

காமெடியா? சரி, எழுதுகிறேன். வெட்டிச் சுருக்கித்தான் போடுவார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் கபடிக்காரி. கம்மாபுரம் பக்கம் களையெடுக்கப் போன அம்மாவுக்குப் பிறந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஆடத் தொடங்கி, மாவட்டம் மாநிலம் என்று போய், விளையாட்டு ஒதுக்கீட்டில் சுரங்க நிறுவனத்தில் பர்மனென்ட் ஆனவள். 'பர்மனென்ட்' என்ற சொல்லுக்கு நெய்வேலியில் என்ன எடை என்று நான் விளக்க வேண்டியதில்லை. முட்டி போன பிறகு கொஞ்ச வருஷம் பந்துக்குக் காற்றடித்தேன், வலை கட்டினேன். கிளப்பில் பெண்களுக்கென்று தனியாக ஜிம் திறந்தபோது என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எலும்பின் பெயரும் தசையின் பெயரும் படித்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பி வந்தேன். மனுஷியைப் பற்றிப் படித்தது ஸ்டெல்லா மேடத்திடம்.

ஸ்டெல்லா மேடம் திருநெல்வேலிக்காரர். கணவர் சுரங்கத்தில் இன்ஜினியர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு ஜிம்முக்குப் பொறுப்பாளராக வந்தார். குள்ளம். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ. ஜிம்மில் விசிலுக்கு வேலையே இல்லை, ஆனாலும் கழுத்தில் விசில் தொங்கும். எனக்குச் சந்தேகக் குணம் பிறவியிலேயே உண்டு. அதற்கு முறை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கதவருகில் நிற்பார். காலை வணக்கம் சொன்னால் பதில் வராது. வருகிறவளின் காலைத்தான் முதலில் பார்ப்பார்.

"ஏட்டி செல்வி, வாயப் பாக்காத. வாயி என்ன வேணும்னாலும் சொல்லும். நடையப் பாரு. கால இழுத்துக்கிட்டு வாராளா, வெரசலா வாராளான்னு பாரு. அதுக்கப்புறம் பேசு."

உள்ளே வந்ததும் வளையலைக் கழற்ற வேண்டும். தாலிச் சரட்டைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்கள், அழுவார்கள். அதனால் மேடம் ஒரு டப்பா நிறைய ஊக்கு வாங்கி வைத்திருந்தார். சரட்டை உள்ளே தள்ளி ரவிக்கையோடு சேர்த்துக் குத்திவிடுவோம். பிறகு மர பெஞ்சில் பேசாமல் உட்கார வேண்டும். நம் பெண்களைப் பேசாமல் உட்காரவைப்பது லேசான காரியமா! மூச்சு நிதானப்பட்ட பிறகு மேடம் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பிரஷர் பார்க்க வேண்டியவர்களுக்கு நான் பட்டையைச் சுற்றுவேன். அப்புறம் கேள்விகள். என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை போட்டீர்களா, கடைசியாக, "சாருக்கு என்ன ஷிப்ட்?"

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக் களுக்கென்று சிரிப்பார்கள். வீட்டுக்காரரின் ஷிப்டுக்கும் இவள் இடுப்புச் சதைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. இந்த ஊரில் பெண்ணின் உடம்பு வீட்டுக்காரரின் ஷிப்டில்தான் ஓடுகிறது. பஸ்ட் ஷிப்ட் என்றால் கோழி கூவுமுன் அடுப்பு எரிய வேண்டும். செகண்ட் ஷிப்ட் என்றால் அவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நைட் என்றால் பகல் முழுக்க அவர் தூக்கம் கலையாமல் பிள்ளைகளை அடக்க வேண்டும். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒவ்வொரு உடம்போடு வருகிறவளுக்கு ஒரே பயிற்சியைக் கொடுத்தால் மயங்கி விழுவாள். நைட் வாரத்தில் மெதுநடை, கைகால் நீட்டல், அவ்வளவுதான். எடை தூக்குவதெல்லாம் அடுத்த வாரம்.

ஒருமுறை ஓர் அதிகாரியின் மனைவிக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "எங்க சாருக்கு ஷிப்டெல்லாம் கிடையாது. அவர் ஜெனரல், பகல்ல மட்டுந்தான்" என்றார் மூக்கை உயர்த்தி.

"அப்படியா? ராத்திரி போன் வருமா?" என்றார் மேடம்.

"அது வரும். எங்கயாவது பெல்ட் நின்னா, மெஷின் நின்னா, இவருக்குத்தான் அடிப்பாங்க."

"நீங்க முழிச்சிருவியளா?"

"முழிக்காம?"

"அதும் ஷிப்டுதான். போயி மெல்லமா நடங்க."

இன்னொரு பழக்கமும் மேடம் கொண்டுவந்ததுதான். எடை தூக்கும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். மனதுக்குள் எண்ணினால் மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பிரஷர் எகிறும். எண்ணுகிறவளால் மூச்சைப் பிடிக்க முடியாது. ஆகவே எங்கள் ஜிம்முக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு எப்போதும் ஒன்னு, ரெண்டு, மூனு என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றாம் வகுப்பு மாதிரி இருக்கிறது என்று ஆண்கள் பக்கத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். எங்களிடம் வந்து சர்க்கரை குறைந்தவர்கள், முட்டிவலி போனவர்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காதவர்கள் எத்தனையோ பேர். எல்லாரையும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். எடை பார்க்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆட்களை வேறு என்ன செய்வது?

தேன்மொழி வந்த நாளில் அவளைவிட அவளைக் கூட்டி வந்தவன்மேல்தான் எனக்கு முதலில் கண் போனது.

தேன்மொழியின் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது. வாரிசு வேலைக்கு இவள் பெயர் போய், மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பிரஷர் மிக அதிகம். மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறைத்துக்கொண்டு சில மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குத்தான் ஜிம். மறுபரிசோதனையில் தேறினால் வேலை. தேறாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும்.

கூட்டி வந்தவன் அவள் கொழுந்தன் பிரபு, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அண்ணன் இறந்த பிறகு துணைக்கு என்று அப்பா அம்மாவோடு குவார்ட்டர்ஸுக்கே குடிவந்துவிட்டான்.

"மேடம், அண்ணிய எப்படியாவது தேத்திடுங்க மேடம். எவ்ளோ நாளாவும் மேடம்?" என்றான். ஒரு பேச்சில் மூன்று மேடம். முக்கால்வாசி நாள் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, போகாமல் வாசல் வேப்பமரத்தடியிலேயே நிற்பான். நல்ல பிள்ளை என்றார்கள் எல்லோரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"அவன் எதுக்குட்டி இங்கயே நிக்கான்? சோலி இல்லையா?" என்றார் மேடம். ஆக, எனக்கு மட்டும் இல்லை.

தேன்மொழி மாதிரி சொன்ன பேச்சு கேட்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. நடக்கச் சொன்னால் நடப்பாள், நிற்கச் சொன்னால் நிற்பாள். இடுப்பு குறைந்தது. ரவிக்கையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாம் குறைந்தது, பிரஷர் மட்டும் குறையவில்லை. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி தடதடவென்று ஓடும்.

அங்கே ஆரம்பித்தது எங்கள் விசாரணை. மாத்திரை போடவில்லையோ என்று, கொண்டுவரச் சொல்லி எங்கள் கண்ணெதிரிலேயே விழுங்கவைத்தோம். உப்பு அதிகமோ என்று அவள் சாப்பாட்டு டப்பாவை வாங்கி நானே ருசி பார்த்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, பாவம். குள்ளஞ்சாவடியில் யாரோ கொடுக்கிற லேகியம், பவுடர் ஏதாவது சாப்பிடுகிறாளோ என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

மற்ற பெண்களின் சந்தேகம் வேறு திசையில் போனது. சரோஜா அக்கா என்று ஒருவர், தேன்மொழி இருக்கும் அதே தெரு. கொஞ்சம் வாய் நீளம்.

"செல்வி, அந்தப் பொண்ணு கண்ணப் பாத்தியா? தூங்கற கண்ணா அது? அவுங்க வூட்டு சமையக்கட்டுல கண்ட நேரத்துல லைட்டு எரியுது. புருசன் இல்லாத பொண்ணு. நான் ஒண்ணும் சொல்லலப்பா, பாத்ததத்தான் சொல்றேன்."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? ஆனால் கண்ணைப் பற்றி அவர் சொன்னது சரிதான். நைட் வாரத்துப் பெண்களுக்கு இருக்கும் கண் அது. வீட்டுக்காரரே இல்லாதவளுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஜிம்மில் கணவரை இழந்தவர்களிடம் அந்த ஷிப்ட் கேள்வியைக் கேட்பதில்லை. யாரும் எழுதிவைத்த விதி இல்லை, ஒரு மரியாதை. கேள்வியிலேயே 'சார்' இருக்கிறாரே! எல்லாரையும் குடைந்து குடைந்து கேட்கிற மேடம்கூடத் தேன்மொழியிடம் வந்ததும் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டுவிடுவார்.

ஒருநாள் ஏதோ வாங்கிவரச் சொல்லப் பிரபுவைக் கூப்பிட்டேன். கிட்டே வந்தான். குளித்து, சட்டை மாற்றி, நெற்றியில் விபூதியெல்லாம் பூசியிருந்தான். ஆனால் காது மடலுக்குள் பழுப்பாகப் பொடி. பழுப்பு நிலக்கரியின் பொடி எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதில் கொஞ்சம் தங்கும், இந்த ஊரில் யாருக்கும் தெரியும். போன வாரம் இதே நேரத்தில் காது சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் காலையில் ஆளையே காணோம். அட, இவனுக்குச் சுற்று ஷிப்ட்!

உள்ளே போய்த் தேன்மொழியைப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"உங்க கொழுந்தனாருக்கு என்ன ஷிப்ட்?"

"இந்த வாரம் நைட்டு முடிஞ்சி வந்தாருங்க."

"அவருக்கு யாரு சமைக்கிறா?"

"நாந்தாங்க."

"மாமனாரு?"

"அவரு வாட்ச்மேனா போறாருங்க. அவருக்கும் ஷிப்டு மாறிக்கினே இருக்கும். இவரு பஸ்ட் ஷிப்டுன்னா அவரு செகண்டு. ஒருத்தரு சாப்ட்டு படுக்க பாதி ராத்திரி ஆயிடும், இன்னொருத்தருக்கு விடியறதுக்குள்ள கட்டிக் குடுக்கணும். அத்தைக்கு முட்டி வலி, எழுந்திருக்காது. அப்பறம் பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இங்க வந்துடுவேங்க."

"அப்ப எப்பம்மா தூங்குவ?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி மாதிரி. "நடுநடுல தூங்குவேங்க" என்றாள்.

பின்னால் நின்ற மேடம் முன்னால் வந்தார். "ஏளா, அவன் மொதல்ல இருந்தே வீட்டுலதான் சாப்பிடுதானா? கேன்டீன் இருக்கே."

"முன்னாடி கேன்டீன்லதாங்க சாப்பிடுவாரு. வயித்துக்கு ஒத்துக்கலன்னு வுட்டுட்டாரு. சுடச்சுட இருந்தாத்தான் எறங்குதாம்."

"எப்பத்துல இருந்து ஒத்துக்கல?"

"பெரியாஸ்பத்திரில மறுபடி வரச் சொன்னாங்கல்ல, அதுலேருந்துங்க."

மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். இவள் தேறாவிட்டால் அந்த வேலையைத் தம்பிக்குக் கேட்கலாம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு நடந்ததாகச் சரோஜா அக்கா முன்பே சொல்லியிருந்தார். அப்படிக் கேட்டால் கொடுப்பார்களா மாட்டார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கிடைக்கும் என்று அவன் நம்பினால் போதாதா?

வேண்டுமென்றே செய்தானா, உண்மையிலேயே வயிறு கெட்டுப்போனதா? இன்றுவரை என்னிடம் சாட்சி கிடையாது. என் மனசுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லிவிட்டேன்.

"சமைக்க முடியாதுன்னு சொல்லிடு" என்றேன் தேன்மொழியிடம்.

"ஐயோ, வேணாங்க. தொணைக்குன்னு வந்தவங்க. நான் எதனா சொல்லி கோச்சிக்கினு போயிட்டா எனக்கும் பாப்பாவுக்கும் யாருங்க இருக்கா?" கண் கலங்கிவிட்டது. இதற்குமேல் வற்புறுத்தினால் அங்கேயே பிரஷர் ஏறியிருக்கும்.

மேடம் விசிலை விரலில் சுற்றினார். "செரி. நாளைலருந்து இவளுக்குப் பயிற்சிய மாத்துதேன். பின்னால ரூம்ல பாயப் போடுட்டி" என்றார்.

மறுநாளிலிருந்து தேன்மொழிக்குப் பயிற்சி தூக்கம்தான். கொஞ்ச நேரம் நடை, கொஞ்சம் கைகால் நீட்டல், பிறகு பின் அறையில் பாய். காலை வகுப்புக்கும் வருவாள், சாயந்திர வகுப்புக்கும் வருவாள். முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டே படுத்தவள், தலை சாய்ந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். வேப்பமரத்தடியில் அவன் நிற்கிறானே! அதனால் முன் அறையில் ஒருவரும் ஏறாத டிரெட்மில் தடதடவென்று ஓடும். சரோஜா அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அடுத்த நாளே ஜன்னலோரம் நின்று, "தேன்மொழி, நல்லா தூக்கு! இன்னும் கொஞ்சம்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்து எண்ணினார்கள். அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்கினாள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "என்ன மேடம், அண்ணிக்கு வேர்வையே காணோம்?" என்று ஒருநாள் கேட்டான். அன்றிலிருந்து எழுப்பி அனுப்பும்போது பிடரியிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்து அனுப்பினோம். மேடமே தெளிப்பார். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி அவ்வளவு சிரத்தை!

பிரஷர் இறங்கியது. ஒரேயடியாக இல்லை. இன்றைக்குக் கொஞ்சம் இறங்கும், நாளைக்குப் பாதி ஏறும். ஆனால் நாடி நிதானப்பட்டது. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் யாரோ சொன்ன பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுபரிசோதனை அன்று நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரபுதான் பைக்கில் கூட்டி வந்திருந்தான். அவளுக்கு ஒருபக்கம் அவன், இன்னொருபக்கம் நான். அவள் மணிக்கட்டு என் கையில் இருந்தது. நாடி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைக் கூப்பிடப்போகிற நேரத்தில் அவன் குனிந்து சொன்னான்:

"அண்ணி, டென்ஷன் ஆவாதீங்க. போன தடவ மாதிரி ஆயிட்டா அப்பறம் வூட்ட காலி பண்ணணும். பாப்பாவ நெனச்சிக்கினு போங்க."

என் விரலுக்கடியில் அவள் நாடி துள்ளியது. பாவி! ஆறுதல் சொல்கிற முகம், கேட்கிறவள் வயிற்றில் புளியைக் கரைக்கிற பேச்சு.

உள்ளே போனதும் முதல் தடவை பார்த்ததில் பிரஷர் அதிகம். டாக்டர் நிதானமானவர். "கொஞ்ச நேரம் அமைதியா உக்காரட்டும். மறுபடி பாக்கலாம்" என்றார். கதவோரத்திலிருந்து பிரபு, "என்ன அண்ணி, ஏறிடுச்சா?" என்றபடி உள்ளே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி நிமிர்ந்தாள்.

"தம்பி, நீ வெளியில இரு."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். அவன் திகைத்துப்போய் வெளியேறினான். நர்ஸ் கதவைச் சாத்தினார். தேன்மொழி பாதத்தைத் தரையில் பதித்து, கையை மேசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் பட்டையைச் சுற்ற வந்து, என்னைத் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுத்தார். "என்னங்க இவங்க, தூங்கிட்டாங்களா?"

தூங்கித்தான் போயிருந்தாள். மெல்லத் தட்டி எழுப்பிவிட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. டாக்டர் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். அதுவும் சரி. தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தோம். பிரபு ஓடி வந்தான். சேதியைச் சொன்னதும் அவன் முகத்தில் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ரொம்ப சந்தோசம் அண்ணி. சரி, வண்டில ஏறுங்க. எனக்கு செகண்டு ஷிப்டு. சாப்ட்டு கெளம்பணும்."

"ஒலையே வைக்கல தம்பி. போற வழியில கேன்டீன்ல சாப்பிட்டுக்க."

"எனக்குத்தான் கேன்டீன் ஒத்துக்காதே அண்ணி!"

"எனக்கும் ரொம்ப நாளா ஒண்ணுமே ஒத்துக்கல. நான் வூட்டுக்குப் போயி தூங்கப்போறேன். பாப்பா வர்ற வரைக்கும் யாரும் எழுப்பாதீங்க."

டவுன் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பைக் சாவியைக் கையில் வைத்தபடி அவன் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மேடம், அண்ணிக்கு என்ன ஆச்சு மேடம்?"

"ஒண்ணும் ஆவல. பிரஷர் எறங்கியிருக்கு" என்றேன்.